ஒரு சுருள் கூலி

காட்டுக்கு நடுவில் ஒரு ஏரி இருந்தது. மூன்று பக்கம் பாறை. ஒரு பக்கம் மட்டும் மண்கரை. அந்தக் கரை முழுக்க ஓட்டை! நண்டு குடைந்தது பாதி, எலி குடைந்தது பாதி. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏரி யானைக்கூட்டத்தின் பொறுப்பில் இருந்தது. யானை மரத்தைப் பிடுங்கும், பாறையை உருட்டும். நண்டு வளைக்குள் நுழையுமா? அதனால் கூட்டத்தின் தலைவி பெரியம்மா யானை, சின்னப் பிராணிகளைக் கூலிக்கு வைத்துக் கரையை அடைக்க நினைத்தது. ஆள் பிடித்துத் தரும் வேலையை ஒரு உடும்பிடம் விட்டது. எல்லோரும் அந்த உடும்பைக் கங்காணி என்று கூப்பிட்டார்கள்.

கங்காணி மூன்று பேரைப் பிடித்து வந்தது. முள்ளம்பன்றி சடைச்சி மேட்டில் களிமண் தோண்ட வேண்டும். பெருச்சாளி தொந்தியப்பன் அந்த மண்ணைச் சுமந்துபோய் ஓட்டைக்குள் திணிக்க வேண்டும். முயல் துள்ளாயி பின்னங்காலால் மிதித்து அதை இறுக்க வேண்டும். மழை வரும்வரைதான் வேலை. அப்புறம் அவரவர் வழி அவரவருக்கு.

கூலி கிழங்கு.

"எவ்வளவு கிழங்கு?" என்று முதல் நாளே கேட்டது சடைச்சி.

"யானை வீட்டுக் கூலி தாயீ! குறைச்சலா இருக்குமா?"

"குறைச்சலா கூடுதலான்னு கேக்கல. எவ்வளவுன்னு கேட்டேன்!"

கங்காணி நாக்கை நீட்டி உள்ளே இழுத்தது. "வாய் ரொம்ப நீளுதே! வேலை வேணுமா, வேணாமா? உன் இடத்துக்கு வர வெளியே எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

சடைச்சிக்கு வேலை வேண்டும். வளையில் இரண்டு குட்டிகள். முள் இன்னும் கெட்டிப்படவில்லை. தொட்டால் வைக்கோல் மாதிரி வளைகிறது. மழை பிடித்துவிட்டால் வளையைச் சுற்றியுள்ள ஓடை நிரம்பிவிடும். அது வடிகிறவரை சடைச்சி வெளியே கால் வைக்க முடியாது. அதற்குள் வளையின் உள்ளறையில் கிழங்கு சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால்? அந்த நினைப்பு வந்தாலே அதன் முதுகு முள்ளெல்லாம் தானாகச் சிலிர்த்துக்கொள்ளும்.

அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது. வாயை மூடிக்கொண்டது தப்பு. ஆனால் குட்டி பசியில் இருக்கும்போது எந்தத் தாய்க்குத்தான் வாய் திறக்கும்?

கங்காணி கூலி கொடுக்கும் விதமே தனி. சாயங்காலம் ஆனதும் ஏரியோரத்தில் பொந்து விழுந்த மருதமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஒவ்வொருவராகத்தான் கூப்பிடும். தேக்கிலையில் கட்டி, நாரால் இறுக்கிய ஒரு பொட்டலத்தைக் கையில் திணிக்கும். அப்புறம் காதோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுக்கும்.

"தாயீ, உன் குட்டிகளை நினைச்சு உனக்கு மட்டும் கூடுதலாப் போட்டிருக்கேன். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். இங்கே பிரிக்காதே, வளைக்குப் போய்ப் பிரி. யாராவது பார்த்துக் கண்ணு வச்சுட்டா, கிழங்கு வயித்துல தங்காது! பச்சைப் பிள்ளைக்காரி, பார்த்து நடந்துக்கோ!"

கண்ணேறு என்றால் அந்தக் காட்டில் எல்லோருக்கும் பயம். சடைச்சி பொட்டலத்தை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு ஓடும். யாரையும் நிமிர்ந்து பார்க்காது. வளையில் பிரித்தால் கொஞ்சம் கிழங்கு இருக்கும். குட்டிகள் தின்றதுபோக மிச்சம் வைக்க ஒன்றும் இராது.

'கூடுதலாக வாங்கும் எனக்கே இப்படி என்றால், மற்ற இரண்டு பேரும் எப்படிப் பிழைக்கிறார்கள்?' என்று நினைக்கும். நினைத்தால் கூச்சமாக இருக்கும். அதனாலேயே யாரிடமும் பேசாது.

கங்காணி இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தது. "பெரியம்மா பக்கம் மட்டும் போயிடாதீங்க. முன்கோபி! போன கோடையில ஒரு நரி ஏதோ கேக்கப் போச்சு. அப்புறம் அது நரியா, பாயான்னு தெரியல! அதையும் மீறி யாராவது போனீங்க, மறுநாள் வேலை இல்லை!"

நாட்கள் போயின. கரையில் ஓட்டைகள் குறைந்தன. சடைச்சியின் உள்ளறை மட்டும் நிறையவில்லை. மேற்கே மலைமேல் கருமேகம் வந்து உட்கார்ந்தது. முதல் நாள் யானைக்குட்டி அளவு இருந்தது. மறுநாள் பார்த்தால் மலையையே காணோம்! காற்று ஈரமாக வீசியது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறின.

சடைச்சி தோண்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்கும். தோண்டும், பார்க்கும். ஒரு நாள் பார்வையைக் கீழே இறக்கியபோது துள்ளாயி கண்ணில் பட்டது. மிதிக்கிறேன் என்று அந்த முயல் ஒரு குதி குதித்தது. இறங்கும்போது முழங்கால் மடங்கி மண்ணில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்தது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

அன்று மத்தியானம் கங்காணி பாறைமேல் வெயில் காய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டது. துள்ளாயி மெதுவாக மேட்டுக்கு வந்தது. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, வாயில் கவ்வி வந்த ஒரு குட்டிக் கிழங்கைச் சடைச்சி முன்னால் வைத்தது.

"என்னடி இது?"

"வச்சுக்கோ அக்கா. நேத்துக் கூலியில எடுத்து வச்சேன். உன் பிள்ளைங்க முகத்தை நினைச்சா தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"நீயே நிக்க முடியாம விழுறே! எனக்குக் கொடுக்குறியா?"

துள்ளாயி தலையைக் குனிந்துகொண்டது. "உன்கிட்ட மறைச்சிட்டேன் அக்கா. கோவிச்சுக்காதே. கங்காணி எனக்கு மட்டும் கூடுதலாப் போடுறாரு. வெளியே சொன்னா கண்ணு பட்டுடும்னாரு. உனக்குக் குறைச்சு எனக்குக் கொடுக்குறாரேன்னு மனசு குத்திக்கிட்டே இருந்துச்சு."

சடைச்சியின் முள் ஒன்று பாக்கியில்லாமல் எழுந்து நின்றது. துள்ளாயி பயந்து பின்னால் குதித்தது.

"ஏய், ஓடாதே! இன்னொரு தடவை சொல்லு! உனக்கு மட்டும் கூடுதலா?"

"ஆமா அக்கா…"

"அடிப்பாவி! எனக்கும் அதையேதான்டி சொன்னான்!"

சடைச்சி ஓட்டைக்குள் தலைவிட்டிருந்த தொந்தியப்பனின் வாலைப் பிடித்து வெளியே இழுத்தது. "யோவ் தொந்தி! உண்மையைச் சொல்லு. உனக்கும் கூடுதலாத்தான் வருதா?"

பெருச்சாளி முகமெல்லாம் மண்ணோடு விழித்தது. "ச்சே ச்சே! யாரு சொன்னா? அப்படியெல்லாம்… சரி, சொல்லிடுறேன். கொஞ்சம் கூடத்தான். பாரம் சுமக்குறவன்னு கங்காணிக்கு என்மேல ஒரு பிரியம்."

"பிரியமாம் பிரியம்! இன்னிக்குச் சாயங்காலம் பொட்டலம் வாங்கிட்டு மூணு பேரும் காரைப்புதர்ப் பக்கம் வாங்க. பிரிச்சுப் பார்ப்போம்."

"கண்ணு படுமே!" என்று இரண்டும் ஒரே குரலில் அலறின.

"பட்டா என் கண்ணுதானே படும்? படட்டும்! நானே உப்பு, மிளகாய் சுத்திப் போடுறேன், வாங்க!"

சாயங்காலம் மூன்று பொட்டலமும் பிரிந்தன. சடைச்சியுடையதில் ஒரு கைப்பிடி. தொந்தியப்பனுடையதில் அதைவிட ஒரு கிழங்கு கூட. துள்ளாயியுடையதில் பாதிகூட இல்லை. அடியில் சருகைச் சுருட்டி வைத்துப் பொட்டலத்தை உப்ப வைத்திருந்தது கங்காணி.

சருகு எல்லோர் பொட்டலத்திலும் இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்த துள்ளாயிக்குக் கண் சிவந்தது. ஆனால் அது பாய்ந்தது கங்காணிமேல் இல்லை, பெருச்சாளிமேல்! "நான் சருகைத் தின்னுக்கிட்டு மிதிக்கிறேன், நீ கிழங்கைத் தின்னுட்டுத் தொந்தி வளக்குறியா?"

"நான் பாரம் சுமக்கலையா? நீ சும்மா குதிச்சுக்கிட்டிருக்கே!"

"சும்மாவா? நான் மிதிக்கலேன்னா உன் மண்ணு நிக்குமா?"

"நிறுத்துங்க!" சடைச்சி இரண்டுக்கும் நடுவில் வாலைக் கலகலவென்று ஆட்டியது. "இந்தச் சண்டைதான் அவனுக்கு வேணும்! ஒரு கிழங்குக்கு நாம மண்டையை உடைச்சுக்கிட்டா, மொத்தக் கிழங்கு எங்கே போகுதுன்னு எவன் கேப்பான்? யானை ஒரு ஆளுக்கு என்ன கொடுக்குது? நமக்குத் தெரியாது! தெரியாமலேயே இத்தனை நாள் முதுகு ஒடிஞ்சிருக்கோம்! நாளைக்கு நான் போய்க் கேக்குறேன்."

"மிதிச்சுடும் அக்கா!"

"போனா யானை மிதிக்கும். போகலேன்னா மழை மிதிக்கும். வர்றவங்க வாங்க."

மறுநாள் காலை இடி இடித்தது. மூன்று பேரும் யானைகள் நிற்கும் மூங்கில் காட்டுப் பக்கம் நடந்தார்கள். துள்ளாயியின் பல் தந்தியடித்தது. தொந்தியப்பன் ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தது. சடைச்சி முன்னால் போனது. இன்றைக்கு வேலை போய்விட்டால் நாளைக்குப் பொட்டலத்தில் வரும் அந்த ஒரு கைப்பிடியும் இல்லை. குட்டிகளிடம் என்ன சொல்வது?

மூங்கிலை விலக்கியதும் பெரியம்மா யானை நின்றது. கறுத்த மலை மாதிரி. சடைச்சியைப் பார்த்ததும் அது என்ன செய்தது தெரியுமா? இரண்டடி பின்னால் போனது!

"அங்கேயே நில்லு! முள்ளை எறியாதே!" என்று பிளிறியது.

"நீங்க மிதிச்சுடாதீங்க!" என்று கத்தியது சடைச்சி.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

"நான் எதுக்கு மிதிக்கப் போறேன்? உங்களுக்குப் பொல்லாத ரோஷம், கிட்டப் போனா முள்ளை விசிறி அடிப்பீங்கன்னு கங்காணிதான் சொன்னான்."

"நாங்க எந்தக் காலத்துல முள்ளை விசிறினோம் பெரியம்மா? அது உடம்போட ஒட்டினது! நீங்க ஒரு நரியைப் பாயாக்கிட்டீங்கன்னு எங்ககிட்டச் சொன்னான்!"

"நரியா? எந்த நரி?"

சடைச்சி ஒரு பெருமூச்சு விட்டது. "அதை விடுங்க. ஒரே ஒரு கேள்வி. எங்கள்ல ஒருத்தருக்கு ஒரு நாள் கூலி என்ன?"

"இதென்ன கேள்வி? ஒரு சுருள்."

"சுருள்னா?"

பெரியம்மா பக்கத்தில் குவித்திருந்த கிழங்கில் தும்பிக்கையை வளைத்து, ஒரு சுருள் சுருட்டி எடுத்து, சடைச்சியின் முன்னால் கொட்டியது. கிழங்கு பொலபொலவென்று விழுந்தது. விழுந்து, குவிந்து, சடைச்சியின் தலையைவிட உயரமாக நின்றது.

துள்ளாயி குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தது. தொந்தியப்பன் அதன் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

"இது மூணு பேருக்கும் சேர்த்துத்தானே?" என்றது சடைச்சி.

"ஒருத்தருக்கு! தினமும் விடியும்போது மூணு பேருக்கு மூணு சுருள், கங்காணிக்கு ஒரு சுருள்னு பாறைக்குப் பின்னால வச்சிடுறேனே?"

அப்போதுதான் கங்காணி மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தது. "பெரியம்மா! இதுங்க சொல்றதை நம்பாதீங்க! எல்லாம் முறைப்படிதான் நடக்குது. கொஞ்சம் பிடித்தம் இருக்கும், அவ்வளவுதான்."

"என்ன பிடித்தம்?" என்று சீறியது சடைச்சி.

"தேக்கிலை சும்மாவா வருது? அதுக்கொரு பிடித்தம். கட்டுற நாருக்கு ஒரு பிடித்தம். மருதமரத்து நிழல்ல நின்னுதானே வாங்குறீங்க, அந்த நிழலுக்கு. அப்புறம் உங்களைத் தேடிப் பிடிச்ச என் அலைச்சலுக்கு…"

"உன் அலைச்சலுக்குத்தானே தனியா ஒரு சுருள் தர்றேன்?" என்றது பெரியம்மா.

கங்காணியின் நாக்கு வெளியே வந்தது வந்தபடி நின்றது.

ஆனால் பெரியம்மா உடனே நியாயத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது காதை ஆட்டிக்கொண்டு சொன்னது: "இருந்தாலும் நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டேன். அதை அவன் எப்படிப் பிரிக்கிறான்னு பார்க்கிறது என் வேலையில்ல. உங்க வழக்கை உங்களுக்குள்ள பேசிக்குங்க."

வந்ததே சடைச்சிக்குக் கோபம்!

"உங்க வேலையில்லையா? வாங்க என்கூட! கரைக்கு வாங்க!"

யானையை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெரியம்மா திகைத்துப்போய்ப் பின்னாலேயே நடந்தது. வானம் இருண்டுகொண்டு வந்தது. கரையின் நடுவில், துள்ளாயி நேற்று மிதித்து முடித்த இடத்தில் சடைச்சி நின்றது. தன் முதுகிலிருந்து ஒரு நீள முள்ளைப் பல்லால் பிடுங்கிக் கரையில் குத்தியது. முள் வெண்ணெயில் இறங்குவதுபோல முழுதாக உள்ளே போய்விட்டது.

"பார்த்தீங்களா? சருகைத் தின்னுட்டு வந்தவ மிதிச்ச மண்ணு! காலே நிக்காதவ மிதிச்சா மண்ணு எப்படிப் பெரியம்மா நிக்கும்? எங்க வயித்துல இருக்கிற ஓட்டைதான் உங்க கரையிலயும் இருக்கு. ஒரு மழை போதும், ஏரி காலி! கோடையில உங்க குட்டிங்க எதைக் குடிக்கும்? இப்பச் சொல்லுங்க, இது உங்க வேலையா, இல்லையா?"

"அந்த முயல் சோம்பேறி!" என்றது கங்காணி.

துள்ளாயி பொட்டலத்தில் இருந்த சருகை எடுத்து வந்திருந்தது. அதைக் கங்காணியின் மூக்குக்கு முன்னால் வைத்தது.

பெரியம்மா அந்தச் சருகைப் பார்த்தது. முள் போன இடத்தைப் பார்த்தது. மேகத்தைப் பார்த்தது. முதல் முறையாக அதன் முகத்திலும் பயம் தெரிந்தது.

"சரி. இனிமே குறைக்காமக் கொடுக்கச் சொல்லி அவன்கிட்டச் சொல்றேன்."

"சொல்ல வேணாம்! வையுங்க! அந்தத் தட்டைப் பாறை மேல, நாங்க எல்லாரும் நிக்கும்போது வையுங்க. அவனுக்கு என்னவோ அதையும் எங்க முன்னாடியே வையுங்க. இலை வேணாம், நார் வேணாம், ரகசியம் வேணாம்!"

"எல்லாரும் பார்த்தா கண்ணு படாதா?" என்று தயங்கியது பெரியம்மா.

"எங்க கண்ணு படணும்னுதான் சொல்றேன்! நல்லாப் படட்டும்!"

கங்காணியின் கண் மருதமரத்துப் பொந்துப் பக்கமே போவதைக் கவனித்த பெரியம்மா, அந்த மரத்தை நெற்றியால் ஒரு மோது மோதியது. பொந்திலிருந்து கிழங்கு அருவி மாதிரி கொட்டியது. பாதி அழுகிப்போயிருந்தது. மீதியில் முளை விட்டிருந்தது. கங்காணி ஒருவனால் எவ்வளவுதான் தின்ன முடியும்?

"உங்களுக்காகத்தான் சேத்து வச்சேன்…" என்று முனகியது கங்காணி. சிரிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

முதலில் மூன்று பேரும் வயிறு நிறையத் தின்றார்கள். அப்புறம் வேலையில் இறங்கினார்கள். சடைச்சி தோண்டியது, தொந்தியப்பன் திணித்தது, துள்ளாயி குதித்த குதியில் கரை அதிர்ந்தது. கங்காணியும் மண் சுமந்தது, பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்ததே! கடைசியில் சடைச்சி இன்னொரு முள்ளைப் பிடுங்கிக் குத்தியது. முள் வளைந்தது. இறங்கவில்லை!

முதல் துளி விழுந்தது.

அழுகாத கிழங்கைப் பெரியம்மா தும்பிக்கையில் சுருட்டிக்கொண்டது. எல்லோரும் சடைச்சியின் வளைக்கு ஓடினார்கள். மலையில் முன்பே பெய்த மழையால் ஓடைத் தண்ணீர் முழங்கால் வரை ஏறிவிட்டது. கிழங்கை வளைவாயில் கொட்டிவிட்டு மற்றவர்கள் திரும்புவதற்குள் மழை கண்ணை மறைத்தது.

உள்ளறை நிறையவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அழுகியது அழுகியதுதான். மழை ஓயாமல் பெய்தது. சடைச்சி தினமும் குவியலைப் பார்க்கும், குட்டிகளைப் பார்க்கும், தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். ஓடை வடிந்து வெளிச்சம் உள்ளே வந்தபோது, சுருங்கிப்போன ஒரே ஒரு கிழங்குதான் மிச்சம் இருந்தது. ஆனால் குட்டிகளின் முள் கெட்டியாகியிருந்தது. ஏரி ததும்பி நின்றது. கரை அசையவில்லை.

அடுத்த வருஷம் ஓடை மதகு வேலைக்கு ஆள் பிடிக்க ஒரு கீரி வந்தது. புதுக் கங்காணி. நல்ல பேச்சு. சடைச்சியை மட்டும் தனியாக ஓரங்கட்டி, காதோடு வந்து ஒட்டிக்கொண்டு, "தாயீ, உனக்கு மட்டும்…" என்று ஆரம்பித்தது.

சடைச்சி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு காடே அதிரக் கத்தியது:

"சத்தமாச் சொல்லுய்யா! தொந்தி, துள்ளாயி, எல்லாரும் இங்கே வாங்க! கூலி சொல்ல வந்திருக்காரு!"

கொடுப்பவன் என்ன கொடுக்கிறான், நடுவில் நிற்பவன் என்ன எடுக்கிறான், பக்கத்தில் இருப்பவன் என்ன வாங்குகிறான் என்று கூலிக்காரர்கள் எல்லோருக்கும் வெளிச்சத்தில் தெரிந்தால்தான், உழைத்த கூலி வீடு வந்து சேரும்.